மாட்டையாவை நாங்கள் இழுத்த கதை

பதுளைக் கடைவீதியில் அப்போது எனக்கு ஒரு மளிகைக் கடையும், ஒரு மாட்டு வண்டியும், ஊரில் எந்த விழா நடந்தாலும் முன்னால் போய் நிற்கிற வியாதியும் இருந்தன. மாட்டாஸ்பத்திரிப் பெரியவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், அவருக்கு ஓர் உபசாரம் செய்ய வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவனும் நான்தான். ஊர் என் பெருந்தன்மையை மெச்சியது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது என் மனைவிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மாட்டையா என்றுதான் அவரை எல்லோரும் சொல்வோம். ஆற்றோரம் இருந்த நீளமான தகரக் கொட்டகை அவருடைய பொறுப்பில் இருந்தது. நொண்டி மாடுகள், துரைமார் கழித்துவிட்ட கிழட்டுக் குதிரைகள், யாருக்கும் வேண்டாத நாய்கள் எல்லாம் அங்கே கிடக்கும். காலையில் அங்கிருந்து ஊருக்குள் ஏறும் மேட்டின் அடியில் வந்து நிற்பார். போகிற வண்டிகளை நிறுத்தி, நுகத்தடிக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பார். புண் இருந்தால் மாட்டை அவிழ்த்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார். நகரசபையார் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது சபையார் செய்த பெரும் பிழையாகவே பட்டது.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு என் வண்டியின் இடப்பக்கத்து மாடு அப்படித்தான் போயிற்று. புண் இருந்தது எனக்குத் தெரியும். அதன் மேல் ஒரு சாக்குத் துண்டை மடித்து வைத்திருந்தேன். என்னவென்று கேட்டதற்கு, மழைக்காக என்றேன். அன்று நல்ல வெயில். அவர் நுகத்தடியிலிருந்து பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார்.

மடுல்சீமைத் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றவேண்டிய சமயம் அது. மழை பிடித்துவிட்டால் அந்த ரோட்டில் வண்டி ஏறாது. அரிசி போகாவிட்டால் கங்காணிமார் வேறு கடையைப் பார்த்துக்கொள்வார்கள். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இரண்டு முறை போய்க் கெஞ்சினேன். ஆறட்டும் என்றார். கெஞ்சிக் கிடைக்காததைப் புகழ்ந்து வாங்கிவிடலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

பெரிய மனிதர்கள் வந்தால் வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களே இழுத்துப் போவது அந்தக் காலத்து மரியாதை. மாட்டையாவையும் அப்படியே கொட்டகையிலிருந்து கோயிலடி மண்டபம் வரை இழுக்கலாம் என்று யோசனை சொன்னேன். நானா என்று நாங்கள் அழைக்கும் பக்கத்துத் துணிக்கடைக்காரர் மட்டும் தயங்கினார். மேடு இருக்கிறது, நமக்கு வயிறும் இருக்கிறது என்று நினைவூட்டினார். பக்தி இருந்தால் மேடு தெரியாது என்று அவரை அடக்கினேன். வண்டி என்னுடையதுதான். இடது பக்கம் நான், வலது பக்கம் நானா. பின்னால் தள்ளப் பத்துப் பேர்.

ஜரிகைத் தலைப்பாகையும் புதுக் கோட்டுமாக நுகத்தடியைப் பிடித்தேன். மேளம் முழங்கியது. மாட்டையா ஏற மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நாங்கள் விடவில்லை. சமதரையில் ராஜநடை போட்டேன். மேடு தொடங்கியதும் கையால் இழுத்தது போதவில்லை. நுகத்தடியைக் கழுத்தில் வாங்கிக்கொண்டேன். பாதி மேட்டில் மேளம் எங்கோ தூரத்தில் கேட்டது. தலைப்பாகை விழுந்தது, அதை நானே மிதித்தேன். பின்னால் தள்ளியவர்களில் பாதிப் பேர் சிரிப்பதற்காகக் கையை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வண்டி பின்னோக்கி நகர்ந்தது.

"சக்கரத்துக்குக் கட்ட போடுங்க" என்று மாட்டையா கத்திக்கொண்டே குதித்தார்.

யாரோ கல்லைப் போட்டார்கள். அவர் நேரே என்னிடம் வந்து நுகத்தடியைத் தூக்கிவிட்டார். கோட்டுக் காலரை விலக்கிக் கழுத்தை விரலால் தடவினார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். விலாவில் கையை வைத்து மூச்சை எண்ணினார். என் வாலைத் தூக்கிப் பார்க்காததுதான் பாக்கி. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. "தண்ணி ஒடனே குடிக்காதீங்க மொதலாளி. கொஞ்சம் நில்லுங்க" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு சிமிழை எடுத்து, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்த மருந்தைக் கழுத்தில் பூசினார். மீதி மேட்டை அவர் நடந்தே ஏறினார். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நாங்கள் பின்னால் போனோம்.

மண்டபத்தில் நான் எழுதிய வாழ்த்துக் கவிதையை நானே வாசித்தேன். "ஆவினம் காத்த அண்ணலே" என்று தொடங்கும். எனக்கு முன்னே வேப்பெண்ணெய் நாற்றம் போயிற்று. எல்லாம் முடிந்து அவர் மாலையைக் கழற்றும்போது, வெட்கத்தை விட்டு மாட்டுப் பேச்சை எடுத்தேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்குப் புது ஆளு வந்துருவாரு. நீங்க கேட்டா குடுத்துருவாரு. குடுக்கக் கூடாதுன்னு நான் ஒண்ணும் எழுதி வைக்கல. ஒங்க கழுத்து ஆறுனதும் போய்க் கேளுங்க" என்றார்.

மறுநாளே அவர் வெலிமடைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஐந்து நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கடையில் உட்கார்ந்திருந்தேன். உங்களைப் பத்து வருஷத்துக்கு முன்பே பூட்டியிருக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். ஆறாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. உடனே கயிற்றோடு ஓடினேன். மானம் போனாலும் அரிசி போக வேண்டுமே.

புது அதிகாரி மறுப்பே சொல்லாமல் மாட்டை அவிழ்த்துத் தந்தார். தட்டிக்கொடுக்கத் திமிலுக்கு முன்னால் கையை வைத்தேன். அதன் தோல் நடுங்கியது. மாடு என் கையிலிருந்து பின்வாங்கி, முளைக்குச்சி வரை போய் நின்றது. புண் பாதிதான் மூடியிருந்தது. நான் இழுத்தது ஒரேயொரு மேடு. அதற்கே கழுத்து ஆற ஆறு நாள். வெட்கமாக இருந்தது. ஊர் சிரித்தபோது வராத வெட்கம் அது.

மாட்டைத் திரும்பக் கட்டினேன். நன்றாக ஆறும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றேன். புது அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சபை வைக்கோல்ல மாட்டக் கொழுக்க வைக்கப் பாக்குறீங்களோ?" என்று கேட்டார்.

என்னை அறிந்தவர் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். ஆமாங்க என்று சொல்லிவிட்டு, வெறுங்கயிற்றோடு மேடேறினேன்.