வட்டம் போட்ட ஆக்சில்

மந்தாரக்குப்பம் ரோட்டில் இருக்கும் சிங்காரவேல் காயலாங்கடையில் பவுல்ராஜ் சொல்வதுதான் விலை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதெல்லாம் லாரிக்குச் செல்லாது. செத்த லாரிக்குக் கிலோ கணக்குதான். அதன் ஆக்சில், அதாவது சக்கர அச்சு, மட்டும் பிழைக்கலாம். பாறையிலும் சேற்றிலும் ஏற்றுவதற்கென்றே பழைய ஜீப்பைப் பிரித்துக் கட்டும் இளவட்டங்கள் அதைத் தேடிக் கோயம்புத்தூரிலிருந்துகூட வருவார்கள். நல்ல ரோட்டை விட்டுவிட்டுப் பாறைக்குப் போகிறார்களே என்று பவுல்ராஜ் சிரிப்பார்.

அவர் அவசரப்பட மாட்டார். பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தைக் கையால் சுற்றி, சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுவார். கூடுதலாகச் சுற்றினால் வேகம் வராது, ஆனால் மேடு ஏறும். எண்ணெயை விரலில் தேய்த்து வெயிலில் பிடிப்பார். வெள்ளிப்பொடி மினுங்கினால் உள்ளே பல் தேய்கிறது. முனைக்கு முனை நூல் கட்டி வளைவு பார்ப்பார். எல்லாம் முடிந்தால் சாக்பீஸ். வட்டம் போட்டது முழுசாக விற்க, பெருக்கல் போட்டது வெட்ட. கேஸ் கட்டர் பிடிக்கும் சுதாகருக்கு வேறு பேச்சே தேவையில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை வந்து இறங்கிய மினி லாரி ஆக்சில்களில் ஒன்றைத் திருப்பியபோது அவர் கை நின்றுவிட்டது. ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் கோணல்மாணலாக ஒரு வெல்டிங். பக்கத்தில் உளியால் கொத்திய 'ஜோ'. வெல்டிங் அவருடையது. எழுத்து மகன் ஜோஸ்வாவுடையது.

ஜோஸ்வாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை வாய்க்கவில்லை. மினி லாரி ஓட்டினான். ரிட்டயர் ஆகி சுரங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்களின் கட்டில் பீரோக்களை அவரவர் ஊரில் கொண்டுபோய் இறக்கினான். ஒவ்வொரு நடைக்கும் அவன் கிளம்பும்போது பவுல்ராஜ் பானட்டில் விரலால் சிலுவை போடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் மஞ்சள்காமாலை வந்து இருபதே நாளில் போய்விட்டான். லாரியும் கை மாறி எங்கோ போயிற்று. ஊரான் ஆக்சிலுக்கெல்லாம் ஆயுள் சொன்ன மனிதருக்குச் சொந்தப் பிள்ளையின் கண் மஞ்சளித்தது தெரியாமல் போனது. அதை நினைத்து அவர் அழாத நாளில்லை.

அந்த ஆக்சிலை மூன்று முறை சோதித்தார். பிள்ளையின் பொருள் என்று கை ஏமாற்றிவிடக் கூடாதே. எண்ணெய் சுத்தம், நூல் நேர். சக்கரம் மாட்டும் முனையில் வட்டம் போட்டார். கிளம்பப்போகிற வண்டியல்லவா, கை தானாக வட்டத்துக்குள் ஒரு சிலுவையும் போட்டது. நெல்லிக்குப்பத்தில் ஜீப் கட்டும் அருண்ராஜுக்குப் போன் செய்தார்.

"தம்பி, கேட்டுக்கினே இருந்தியே, ஒண்ணு வந்திருக்கு. மலையே ஏறும். சனிக்கெழம வந்து எடுத்துக்க."

வீட்டில் மனைவி லூசியம்மாளிடம் சொன்னார்.

"நம்ம புள்ள வண்டி திரும்ப ஓடும்னு சொல்றீங்களா?"

"ஓடும்."

வெள்ளிக்கிழமை அவள் வேண்டுதல் என்று அவரை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனாள். அவர் கடைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை அருண்ராஜோடு கடைக்குள் போனால், ஆக்சில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"வட்டம் போட்டு உள்ள பெருக்கல் அடிச்சிருந்துச்சுங்களே அண்ணே," என்றான் சுதாகர். "மனசு மாறிட்டீங்கன்னு நெனச்சேன்."

இடம் ஒழிக்க யாரோ உருட்டியதில் சிலுவை சாய்ந்து பெருக்கலாகியிருந்தது. சுதாகரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் கடையில் அவனுக்குத் தெரிந்த எழுத்தே இரண்டுதான். இரண்டையும் சொல்லிக்கொடுத்தவர் பவுல்ராஜ்.

"எந் தப்புதாம்ப்பா," என்று சொல்லிவிட்டு அருண்ராஜுக்கு வேறொன்றைக் காட்டினார்.

சாயங்காலம் லூசியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போயிடுச்சாங்க?"

"போயிடுச்சு."

"எந்த மல ஏறுனாலும் நல்லபடியா ஏறட்டும்," என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பவுல்ராஜ் கொல்லைக்குப் போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.