இரண்டு தட்டு

நம்பினால் நம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3:40. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் நடந்தது இது. விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பழைய வீடியோ கேம்தான் எங்கள் பைத்தியம். எந்தக் கணத்தில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைப்போம். ஒரு சின்னக் கருவி கம்பி வழியாக அதை அப்படியே அழுத்தும், நொடிக்கு அறுபது முறை. வரிசை சரியாக விழுந்தால் கேம் தன்னையே மறந்து, நாங்கள் எழுதிய வேறு புரோகிராமாக மாறிவிடும். இதற்கு எங்களுக்கு நான்கு வருடம் பிடித்தது. எனக்கும் டபுளுக்கும்.

டபுள் என் நண்பன். சின்ன வயதில் அவன் கேம் பெட்டியில் பட்டன்கள் மக்கர் செய்யும். அதனால் எதையும் இரண்டு தட்டுத் தட்டுவான், லிஃப்ட் பட்டனைக்கூட. "ஒரு தட்டை நம்பவே கூடாதுடா" என்பான். மூன்று மாதம் முன்பு தூக்கத்திலேயே போய்விட்டான். பாடையைத் தூக்கிச் சென்றவர்களில் நானும் ஒருவன்.

மேடையில் நான். முன்வரிசையில் அவன் அக்கா. ஒவ்வொரு பட்டனுக்கும் பக்கத்துத் திரையில் ஒரு விளக்கு எரியும், ஒலிபெருக்கியில் 'டக்' என்று கேட்கும். 3:42க்கு ஆரம்பித்தேன். 3:44க்குக் கேம் திரை கறுத்தது. எங்கள் இருவர் பெயரும் வந்தன. கைதட்டல். கோப்பு முடிந்தது. கம்பியைப் பிடுங்கினேன்.

டக்... டக்.

ஒரு விளக்கு. இரண்டு முறை.

கம்பி என் கையில் இருந்தது...

டக்... டக். என் பெயரின் கடைசி எழுத்தைக் காணோம்.

டக்... டக். அடுத்ததும்.

3:45க்கு அவன் பெயர் மட்டும் நின்றது. நிகழ்ச்சியே இப்படித்தான் என்று நினைத்து அரங்கில் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. நான்கு வருடம் கூடவே இருந்தவன், செத்த பிறகா கழுத்தை அறுப்பான்?

மேடைக்குப் பின்னால் அக்கா வந்தாள்.

"உன் பேரை மட்டும் போட்டு இன்னொண்ணு செஞ்சு வச்சிருந்தியாமே."

செய்திருந்தேன். ஒரு போட்டிக்கு அனுப்ப. யாரிடமும் மூச்சு விடவில்லை.

"யாருக்கா சொன்னா?"

"அவன்தான். கடைசி நாள் சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்திருக்கான். நீ இல்ல. உன் கம்ப்யூட்டர்ல பார்த்திருக்கான். 'என் பேரை எடுத்துட்டான்க்கா'ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்தவன்தான். எந்திரிக்கல."

வீட்டுக்கு வந்து, என் பெயர் மட்டும் போட்ட அந்தக் கோப்பைத் தேடினேன். அழிக்கட்டுமா என்று கேட்டது. மணி 5:18. ஒரு முறைதான் அழுத்தினேன்.

டக்... டக்.