கோடையிலேயே முடிந்த உலக வரலாறு

மகள் எட்டாம் வகுப்பை முடிப்பதற்கு முன்பே அவளுடைய உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டம் எனக்கு மனப்பாடம். கலிஃபோர்னியாவின் டப்ளினில் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் வரலாறே கிடையாது. பத்தில் உலக வரலாறு, பதினொன்றில் அமெரிக்க வரலாறு. விருப்பமிருந்தால் இரண்டையும் ஏ.பி. என்று கல்லூரித் தரத்தில் எடுக்கலாம். நான் காத்திருந்தது பத்தாம் வகுப்புக்கு மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரு கல்லூரியில் உலக வரலாறு நடத்தியவள் நான். இங்கே வந்த பிறகு அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகளுக்குக் கணக்குக்கும் கோடிங்குக்கும் அவள் அப்பா இருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் இருவரும் தலையோடு தலை சேர்த்துச் சிரிப்பதை அடுப்படியிலிருந்து கேட்பேன். பொறாமையாகத்தான் இருக்கும். எனக்கும் அந்த மேஜையில் ஒரு வருடம் வரும் என்று சமாதானம் செய்துகொள்வேன்.

மில்பிடாஸில் ஒரு பிறந்தநாள் விருந்தில் அந்த வருடத்துக்கு வேட்டு வைத்தார்கள். நம் ஆட்கள் கூடினால் முதலில் கிரீன் கார்டு, அது அலுத்தால் ஏ.பி. பிரியாணித் தட்டோடு வந்து உட்கார்ந்த ஒரு பெண் என் கணவரிடம் சொன்னாள்:

“வேர்ல்ட் ஹிஸ்டரிய சம்மர்லயே ஆன்லைன்ல முடிச்சிடுங்க. டென்த்ல ஒரு பீரியட் ஃப்ரீ ஆகும், ஏ.பி. கெமிஸ்ட்ரி போட்டுடலாம். பெரியவளுக்கு நாங்க அப்படித்தான் பண்ணோம்.”

கணவர் முகத்தில் பல்பு எரிந்தது. கார் ஃப்ரீவே ஏறியதும் நான் மெல்ல ஆரம்பித்தேன்.

“அத மட்டும் ஸ்கூல்லயே படிக்கட்டுங்க. நான் கூட உக்காந்து சொல்லித் தரேன்.”

“ஹிஸ்டரிக்கு எதுக்கும்மா சொல்லித் தரணும்? சும்மா ஒரு ரிக்வயர்மென்ட். க்ளியர் பண்ணிட்டா தீர்ந்துது.”

பின் சீட்டிலிருந்து மகள், “ஐம் ஓகே வித் தட்,” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் நான் யாரோடு சண்டை போடுவது?

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் அவள் லேப்டாப்பும் ஹெட்ஃபோனுமாக மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். துணி மடிக்கிற சாக்கில் நானும் பக்கத்திலேயே இருப்பேன். திரையில் ரோம் வரும், மங்கோலியர் வருவார்கள், ஒரு காலைப்பொழுதுக்குள் போய்விடுவார்கள். எட்டிப் பார்ப்பதோடு சரி.

ஒருநாள் அவளே ஹெட்ஃபோனைக் கழற்றினாள். “மா, டூ யூ நோ திஸ்? மான்சூன் விண்ட்ஸ்?”

கையிலிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டு ஆரம்பித்தேன். ஒரு காற்றில் கிளம்பிய கப்பல் திரும்பி வர வேறொரு காற்று வேண்டும். அது வீசும்வரை வணிகர்கள் வேற்றுத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அங்கேயே வீடு பிடித்தார்கள், பாஷை கற்றுக்கொண்டார்கள். சிலர், காற்று திரும்பிய பிறகும் ஊருக்குப் போகவில்லை.

மகள் என் கையை மெதுவாகத் தொட்டாள். “மா, இட்ஸ் ஜஸ்ட் மல்டிபிள் சாய்ஸ்.”

திரையிலிருந்த நாலு விடைகளில் ஒன்றைத் தட்டினாள். சரியான விடைதான். “தேங்க்ஸ், மா,” என்று சிரித்துவிட்டு மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். திரும்பிப் போகாதவர்களைப் பற்றி நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.