பணிவுள்ள கோழிகள் தேவை

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ‘சீனியாரிட்டி வீடு எது?’ என்று கேட்டால் தபால்காரரே கை காட்டுவார். குடிநீர் வரி அலுவலகத்தில் பணியாளர் பிரிவுக் கண்காணிப்பாளர். யார் யாருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று பார்த்துச் சொல்வதுதான் இத்தனை வருஷமாக அவர் செய்யும் வேலை. அது சாயங்காலம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். முடிவெட்டும் கடையில் இடம் காலியாக இருந்தாலும் உடனே உட்கார மாட்டார். தனக்கு முன்னால் வந்தவர் வெளியே டீ குடிக்கப் போயிருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பார். அப்படி ஒருவர் இருந்தால், அவர் கிளாஸைக் கீழே வைக்கும்வரை சுவரோரமாக நிற்பார்.

அப்பேர்ப்பட்டவரின் அலுவலகத்தில் அநியாயம் ஒன்று நடந்தது. அவருக்கு வெகுகாலம் பின்னால் சேர்ந்த பெண்மணி ஒருவர் தேர்வு எழுதி, தேறி, அவருக்கே அதிகாரியாக வந்துவிட்டார். எதிர் அறைக் கதவில் புதுப் பலகை ஏறியது. அன்றிலிருந்து அந்த அறைக்குள் கோப்பு போகுமே தவிர அவர் போவதில்லை. உதவியாளரிடம் கொடுத்தனுப்புவார். அதிகாரி ஏதாவது கேட்டால், பதிலும் உதவியாளர் வாயாலேயே போகும். மூன்று எட்டு தூரத்துக்கு இப்படி ஒரு தூது.

ஆறுதலுக்கு அவருக்குக் கொல்லைப்புறம் இருந்தது. அங்கே மூன்று கோழிகள். அதில் மூத்தவள் என்று பெயர் வாங்கியவள் செம்பழுப்பு நிறம். கொண்டை ஒரு பக்கமாகத் தொப்பி போலச் சரிந்திருக்கும். தட்டில் தீவனம் விழுந்ததும் அவள்தான் முதலில் வருவாள். மற்ற இரண்டும் ஓர் அடி தள்ளி நிற்கும். காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இதைப் பார்க்கும்போது, தேசியக் கொடி ஏறுவதைப் பார்க்கும் முகம் வந்துவிடும்.

“பாத்தியா? யாரும் சொல்லிக் கொடுக்கல. கோழிக்குத் தெரியுது, ஆபீசுக்குத் தெரியல” என்பார் மனைவியிடம்.

மனைவி அந்தத் தெருவுக்கே தையல்காரம்மா. மிஷின் பின்கதவருகே இருந்ததால் கோழிகளின் நடவடிக்கை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவளுடைய கணக்கு வேறு.

“ஏங்க, மூணு கோழி வச்சுக்கிட்டுக் கடையில முட்டை வாங்குற வீடு ஊர்லயே நம்ம வீடு ஒண்ணுதான். புதுசா மூணு சேர்ப்போம். கறிக்கடைக்காரர் நேத்துகூட மூத்தவளைக் கேட்டுட்டுப் போனாரு. கொடுத்துடலாம்.”

“பணிமூப்பு உள்ளவளை வெளிய அனுப்புறதா?”

“அது முட்டையே போடுறதில்லைங்க.”

“எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு வேலையே செய்யுறதில்ல. அனுப்பிட்டாங்களா?”

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்து, பல்லால் கடித்து அறுத்தாள். “சரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு. புதுசா வர்றதுங்க அதைக் கொத்தி ஒதுக்கி, அது பட்டினி கிடந்து எலும்பா நிக்கிறதை நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். அன்னைக்கே கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டுடுவேன்.”

ஆக, மூத்தவளின் உயிர் இனி அவர் தேர்ந்தெடுக்கும் கோழிகளின் கையில். சரியாகச் சொன்னால், அலகில். கோழி வாங்கும் பொறுப்பை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்றார். நேர்முகத் தேர்வுகளில் எத்தனை முறை உட்கார்ந்தவர்! ஆள் உள்ளே வரும் நடையிலேயே குணம் தெரிந்துவிடும் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வேன் எடுத்து வந்தான். டயர் கடை வைத்திருப்பவன், கையும் வாயும் சும்மா இருக்காது. பண்ணைக்குப் போனதும் பண்ணைக்காரர் ஒரு கோழியைத் தூக்கிக் கண்ணைக் காட்டினார், சிவந்த கொண்டையைக் காட்டினார், இறக்கையை விரித்துக் காட்டினார்.

“அதெல்லாம் இருக்கட்டும். குணம் எப்படி?” என்றார் சீனியாரிட்டி.

பண்ணைக்காரருக்குப் புரியவில்லை. “கோழிங்க சார்” என்றார்.

“பெரியவங்களை மதிக்குமா?”

பதிலைப் பண்ணைக்காரர் தேடுவதற்குள், அவர் கையிலிருந்த கோழி எம்பி சீனியாரிட்டியின் சட்டைப் பித்தானைக் கொத்திப் பிடுங்கிக் கீழே போட்டது. முதல் விண்ணப்பதாரர் நிராகரிக்கப்பட்டார். அடுத்து வந்தவை ஓடின, கத்தின, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறின. எல்லாமே தலைநிமிர்ந்து திரிந்தன. அவர் மனம் சோர்ந்து திரும்பும்போதுதான் மூலையில் அந்த இரண்டையும் பார்த்தார். கழுத்தை உள்ளே இழுத்து, வாலைத் தாழ்த்தி, பாதிக் கண் மூடி நின்றன. அருகே போனார். நகரவில்லை. குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. பள்ளிக்கூட ஆய்வாளர் வந்த நாளில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி நின்றன.

“இதுங்க எப்படி?”

பண்ணைக்காரர் தலையைச் சொறிந்தார். “அதுங்க ரெண்டும்... கொஞ்சம் அமைதி சார்.”

“அதைத்தானய்யா காலையிலேருந்து தேடுறேன்!”

“அத்தான், அது தூங்கி வழியுது” என்றான் மச்சினன்.

“தூக்கம் இல்ல மாப்ள. அடக்கம். உன் டயர் கடையில நீ பாத்திருக்க மாட்ட.”

அவர் மனம் மாறிவிடப் போகிறதே என்று பண்ணைக்காரர் அவசர அவசரமாக இரண்டின் கால்களையும் கட்டினார். அதற்குள் மச்சினன் பித்தான் பிடுங்கிய கோழியை விலை பேசி வேனில் ஏற்றிவிட்டான். “இது அக்காவுக்கு நான் வாங்கித் தர்றது. நீங்க பேசக் கூடாது.” வழியெல்லாம் அது கத்திக்கொண்டே வந்தது. வீடு சேர்வதற்குள் அதற்கு ரவுடி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தையல்காரம்மா முன்பே சொல்லியிருந்தாள்: புதுசாக வருகிற கோழிகளைக் கொஞ்ச காலம் தனியாக வைக்க வேண்டும். நோய்நொடி இல்லை என்று தெரிந்த பிறகு, கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒன்றையொன்று பார்த்துப் பழக வேண்டும். அதற்கப்புறம்தான் சேர்க்க வேண்டும். அவள் எந்த வீட்டுக்கோ தைத்த துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில், சீனியாரிட்டி இதைத் தன் அறிவுப்படி நடைமுறைப்படுத்தினார். தனியாக அடைப்பது தண்டனை. தண்டனை யாருக்கு? ஒழுங்கீனத்துக்கு. ஆகவே ரவுடி, வீட்டு முன்பக்கம் பழைய சைக்கிள் நிற்கும் அறையில் அடைக்கப்பட்டாள். நன்னடத்தைக்காரிகள் இருவரும் அன்றே கொல்லையில் பணியேற்றார்கள். தையல்காரம்மா திரும்பி வந்தபோது ஐந்து கோழிகளும் ஒரே தண்ணீர்ச் சட்டியில் அலகு நனைத்துக்கொண்டிருந்தன.

“என்ன காரியம் பண்ணியிருக்கீங்க!”

“நீயே பாரு” என்றார் பெருமையாக. மூத்தவள் தட்டில் சாப்பிட, புதியவை இரண்டும் தலைகுனிந்து தள்ளி நின்றன. மூத்தவள் சாப்பிட்டு முடித்த பிறகும் தள்ளியே நின்றன. மற்ற எல்லாரும் முடித்த பிறகும் அப்படியே நின்றன. “இப்படி ஒரு விட்டுக்கொடுத்தலை எந்த ஆபீஸ்லயாவது பாத்திருக்கியா?”

அவற்றில் ஒன்று தும்மியது.

கோழியின் தும்மல் சின்னதுதான். ஈரத் துணியை உதறுகிற சத்தம். ஆனால் அந்த வாரத்துக்குள் கொல்லை முழுவதும் அதுவே கேட்டது. மூக்கில் நீர், கண்ணோரம் வீக்கம். மூத்தவளும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பாதிக் கண் மூடி, வாலைத் தாழ்த்தி மூலையில் நின்றாள். அவளிடம் அடக்கத்தைப் பார்த்த அன்றுதான் அவருக்கு அடக்கத்தின் மேல் சந்தேகம் வந்தது.

கால்நடை மருத்துவர் கூடையைத் திறந்து பார்த்தார். “மூலையில கண்ணை மூடி நின்ன கோழியை நல்லா இருக்கிற கோழிங்களுக்கு நடுவுல தேடிப் பிடிச்சு வாங்கினீங்களா?”

“பணிவா இருந்துச்சு டாக்டர்.”

மருத்துவர் மருந்தைத் தையல்காரம்மாவிடம் நீட்டினார். “நீங்களே கொடுங்கம்மா.”

சீனியாரிட்டி அலுவலகத்துக்கு விடுப்பு எழுதினார். காரணம்: ‘குடும்பத்தில் மூத்தவர் உடல்நலக் குறைவு.’ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெந்நீரில் பஞ்சு நனைத்து, மூத்தவளின் கண்ணைத் துடைத்தபடி கொல்லையிலேயே கிடந்தார். பணிவுக்காரிகளில் ஒருத்தி பணிவாகவே இறந்துபோனாள். மற்றவை மெல்லத் தேறின. இதில் கொஞ்சமும் சேதாரம் இல்லாதவள், தண்டனை பெற்றுத் தனியறையில் இருந்த ரவுடிதான். ஒரு நாள் சைக்கிள் கூடையில் முட்டை போட்டுவிட்டுத் தெருவுக்கே அறிவித்தாள். தையல்காரம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்கெல்லாம் காட்டினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, இந்த முறை தையல்காரம்மாவின் முறைப்படியே நடந்தது. ரவுடியை நடுவே வலை வைத்துப் பழக்கினாள். ஒரு காலையில் வலையை எடுத்தாள். ரவுடி யாரையும் பார்க்காமல் நேராகத் தட்டுக்கு நடந்தாள். மூத்தவள் கழுத்து இறகைச் சிலிர்த்து எதிரே வந்தாள். இரண்டும் ஒருமுறை எம்பின. மூத்தவளின் கொண்டையில் ரவுடி ஒரே ஒரு கொத்து கொத்தினாள். மூத்தவள் பின்வாங்கித் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் நின்றாள்.

சீனியாரிட்டி குடையை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்.

“போகாதீங்க!” மனைவி கையைப் பிடித்தாள். “ரத்தம் வந்தா போங்க. இல்லாட்டி அதுங்களே பேசி முடிச்சுக்கட்டும்.”

“இதுல பேச என்னடி இருக்கு? நேத்து வந்தவ!”

ஆனால் கோழிகள் பேசி முடித்துவிட்டன. அதன் பிறகு மூத்தவள் தட்டின் பக்கம் வந்தாலே ரவுடி கழுத்தை நீட்டுவாள். மூத்தவள் கல்லுக்குப் பின்னால் திரும்பிவிடுவாள். நாளாக ஆக இறகு மங்கியது. ஒரு மத்தியானம் தையல்காரம்மா அவளைத் தூக்கி நெஞ்சைத் தடவிப் பார்த்தாள்.

“எலும்பு கையில குத்துதுங்க. இதுக்கு மேல வச்சிருந்தா பாவம். சாயங்காலம் கறிக்கடைக்காரர் இந்தப் பக்கமாத்தான் போவாரு. சொல்லிடுறேன்.”

அவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். அப்போது போன் அடித்தது. அதிகாரி. உதவியாளர் வழியாக இல்லாமல், நேரடியாக.

“சார், வீட்டுல பெரியவங்க எப்படி இருக்காங்க?”

“சளி போயிடுச்சு. ஆனா சாப்பிட விட மாட்டேங்குறா.”

“யாரு சார்?”

“புதுசா வந்தவ. தட்டுகிட்ட போனாலே மண்டையில போடுறா.”

எதிர்முனையில் குரல் தாழ்ந்தது. “சார்... போலீஸ்ல யார்கிட்டயாவது பேசணுமா?”

கொல்லையில் ரவுடி அன்றைய முட்டையை முழுத் தொண்டையில் அறிவித்தாள்.

“எத்தனை கோழி சார்?” என்றார் அதிகாரி.

“அஞ்சு” என்றார் அவர். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் குரல் இவ்வளவு சின்னதாக ஒலித்ததில்லை.

“தட்டு எத்தனை?”

“ஒண்ணுதான். வரிசையா வந்து சாப்பிடுறதுதானே முறை...”

“ரெண்டு தட்டு வைங்க சார். ஒண்ணுகிட்ட நின்னா இன்னொண்ணு தெரியக் கூடாது, நடுவுல ஏதாச்சும் மறைப்பு இருக்கணும். ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல அதிகாரம் பண்ண முடியாது பாருங்க. எங்க அம்மா வீட்டுல இப்படித்தான் வைப்பாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “லீவு லெட்டரை நான் மாத்தச் சொல்லல. மூத்தவர்னுதானே எழுதியிருக்கீங்க” என்றார்.

போனை வைத்துவிட்டு அவர் வெகுநேரம் வாளியை விட்டு எழவில்லை. அந்த யோசனை வேறு யாரிடமிருந்து வந்திருந்தாலும் உடனே எழுந்திருப்பார். வெயில் சுவரிலிருந்து இறங்கித் துவைக்கும் கல்லைத் தொட்டது. கல்லின் நிழலில் மூத்தவள் நின்றிருந்தாள், ஒரு காலைத் தூக்கி வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு. கடைசியில் சமையலறைக்குப் போய் ஒரு பழைய தட்டை எடுத்துவந்து, கல்லுக்குப் பின்னால் வைத்துத் தீவனம் போட்டார்.

மூத்தவள் ஒரு வாய் கொத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். யாரும் வரவில்லை. இன்னொரு வாய். சத்தம் கேட்டு ரவுடி கல்லைச் சுற்றி ஓடிவந்தாள். மூத்தவள் மறுபக்கமாகச் சுற்றிப் போய், ரவுடி விட்டுவிட்டு வந்த முதல் தட்டருகே நின்று நிதானமாகச் சாப்பிட்டாள். ரவுடி அங்கே திரும்பினால் இவள் இங்கே. நாலைந்து தடவை கல்லைச் சுற்றிய பிறகு ரவுடிக்கே அலுத்துப்போனது.

“இது யாரு யோசனைங்க?” மிஷினை நிறுத்திவிட்டுத் தையல்காரம்மா கேட்டாள். “உங்களுக்கு வராதே.”

“மேலிடத்து உத்தரவு” என்றார் அவர், கோழியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் எழுந்து வந்து மூத்தவளைத் தூக்கினாள். கழுத்துக்குக் கீழே இரைப்பை பந்தாகப் புடைத்திருந்தது. அதை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து இறக்கிவிட்டாள்.

சாயங்காலம் கறிக்கடைக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியடித்தார். “என்னம்மா, கொடுக்குறீங்களா?”

“இல்லண்ணே, இருக்கட்டும்.”

“முட்டை போடுதா?”

“எங்க போடுது!”

“அப்புறம் எதுக்கும்மா தீனி போட்டு வச்சிருக்கீங்க?”

உள்ளேயிருந்து சீனியாரிட்டி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“அவளுக்குச் சிறப்புப் பணி கொடுத்திருக்கோம்” என்றார். “ரெண்டாவது தட்டுக்கு அவதான் பொறுப்பு.”