விளிம்புக்குக் கீழே அரை அங்குலம்

மருத்துவமனை கேன்டீனில் பரிமாறுகிற அவளுக்கு, கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் ‘தாராளம்’. கரண்டியைத் தலைதட்டி எடுக்க அவளுக்கு வராது. கிண்ணத்தின் விளிம்பில் சூப் ததும்பி நின்றால்தான் கை ஓயும். மேற்பார்வையாளர் முறைத்துப் பார்ப்பார். பசியோடு வருகிறவர்களோ அவள் நிற்கிற வரிசையிலேயே வந்து சேர்வார்கள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். போன குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து, இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளெல்லாம் ஊரைச் சுற்றிய மனிதர் சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே சுருங்கிப்போனார். குளிர் விட்டதும் அவருக்கு என்ன தோன்றியதோ, வீட்டுக்குப் பின்னால் இருந்த கட்டாந்தரையைக் கொத்தித் தக்காளி நட்டார். முதலில் செடிகளோடு பேசினார். பிறகு அவளோடும் பேச ஆரம்பித்தார். அந்தச் செடிகளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு.

ஆனால் சொல்லிவைத்தாற்போல் எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்துத் தொலைத்தன. அக்கம்பக்கத்தில் கொடுத்தாயிற்று, கேன்டீனுக்கும் சுமந்தாயிற்று. அப்படியும் சாப்பாட்டு மேசை, ஜன்னல் கட்டை, வாஷிங் மெஷினின் தலை என்று எங்கும் தக்காளி. அடியில் கிடந்தவை கசியத் தொடங்கியதும் அவர் முகம் மறுபடியும் இருண்டது.

“பாத்தியா? என் கை பட்டா எதுவும் விளங்காது. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுர்றேன்.”

செடி போனால் மனிதர் திரும்ப சோபாவுக்குத்தான் போவார்.

“அவசரப்படாதீங்க. பாட்டில்ல அடைச்சு வெச்சா வருஷம் பூரா வரும். நான் பண்றேன்.”

“உனக்குத் தெரியுமா அதெல்லாம்?”

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா பொறந்தோம்?”

கண்ணாடி ஜாடிகளையும் மூடிகளையும் வாங்கி வந்தாள். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்தாள், ஜாடிக்குள் எலுமிச்சைச் சாறு விட்டாள். எல்லாம் ஜாடிகளோடு வந்த செய்முறைத் தாளில் இருந்தபடிதான். ‘மேலே அரை அங்குலம் காலி விடவும்’ என்ற வரி வந்தபோது மட்டும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அரைகுறையாக அடைப்பதாவது! கழுத்து வரை, அதற்கும் மேலே விளிம்பு வரை அமுக்கி அமுக்கி அடைத்து மூடி, ஜாடிகளைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொதிக்கவைத்தாள்.

ஆறிய பிறகு பார்த்தால் ஒரு மூடியும் ஒட்டவில்லை. விரலால் அழுத்தினால் ‘டொக்’கென்று உள்ளே போய் ‘டொக்’கென்று மேலே வந்தது. ஜாடிகளைச் சுற்றிச் சிவப்புச் சாறு வழிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பின்பக்கம் போய்விட்டார். அவள் எட்டிப் பார்த்தபோது மண்வெட்டியைப் பிடித்தபடி செடிகளின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் நாத்தனாருக்கு போன் போட்டாள். கணவரின் தங்கையான அவள் பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. இரண்டு பேருக்கும் அவ்வளவாக ஆகாது. ஆனாலும் முழங்கையில் நீலச் சாயத்தோடு கடையிலிருந்து நேராக வந்து நின்றாள்.

“என்ன அண்ணி, குண்டு தயாரிக்கிறீங்களா?”

“கிண்டல் பண்ணாம பாரும்மா. உங்க அண்ணன் கையில மண்வெட்டி இருக்கு.”

நாத்தனார் ஒரு ஜாடியைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “இப்படித் திணிச்சா எப்படி? கொதிக்கும்போது சாறு பொங்கி வெளிய வரும். விளிம்புல ஒரு விதை உக்காந்தாலே மூடி பிடிக்காது. இடம் விடணும் அண்ணி.”

“குறைச்சா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“இது என்ன விருந்தாளி தட்டா? காலியா விடுற இடம்தான் மூடிய உள்ள இழுத்துப் பிடிக்கும். சிரிக்காதீங்க, நானும் முதல் தடவ இதேதான் பண்ணேன். சமையலறைச் சுவருக்கே சிவப்பு பெயின்ட். அதுவும் ரெண்டு கோட்டு!”

எல்லாவற்றையும் அப்போதே பாத்திரத்தில் கொட்டி, மறுபடி சூடாக்கி, ஜாடிகளைக் கழுவி, புது மூடிகள் எடுத்தார்கள். இன்னும் ஒரு கரண்டிக்கு அவள் கை போனபோதெல்லாம் நாத்தனார் மணிக்கட்டில் தட்டினாள். விளிம்பை ஈரத்துணியால் துடைக்கவைத்தாள். “விரல் நுனியால திருகுங்க போதும். மல்யுத்தம் வேண்டாம்.”

கொதித்து முடிந்த ஜாடிகளைத் துண்டின் மேல் வரிசையாக வைத்துவிட்டு டீ போட்டார்கள். பாதி டம்ளர் குடிப்பதற்குள் ‘டிக்’.

பின்கதவு திறந்தது. “என்ன சத்தம்?”

“மூடி உள்ள இழுத்துக்கிச்சு அண்ணே. உன் தக்காளி இனி எங்கயும் போகாது.”

எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறவர் அவர். நாற்காலியை இழுத்துப்போட்டு ஜாடிகளின் எதிரே உட்கார்ந்தார். ‘டிக்’. அவர் புருவம் ஏறியது. இன்னொரு ‘டிக்’. “அது மூணாவது ஜாடி” என்றார். கடைசியாக ஒன்று மட்டும் சத்தமே போடவில்லை. அதை ராத்திரிக்கே சாப்பிட்டுவிடலாம் என்று முடிவானது.

கிளம்பப் பையை எடுத்த நாத்தனாரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். “நீ மட்டும் வரலன்னா இன்னிக்கு...” பாதியில் நிறுத்திப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

“ஐயோ அண்ணி, அழ ஆரம்பிக்காதீங்க. எனக்கும் வரும்.”

“ஏம்மா,” என்றார் அவர் ஜாடிகளைப் பார்த்தபடியே, “பீன்ஸையும் இப்படி அடைக்கலாமா?”

“கூடவே கூடாது. தக்காளில புளிப்பு இருக்கு, அதனால தப்பிச்சோம். பீன்ஸை வெறும் கொதிதண்ணில அடைச்சா உள்ள விஷமாயிடும், வாசனைகூட காட்டிக்குடுக்காது. அதுக்குன்னே பிரஷர் பாத்திரம் தனியா இருக்கு, என்கிட்ட இருக்கறத தர்றேன்.”

“அப்ப கொடி ஏற கம்பு வேணுமே. கடை எப்ப மூடுவான்?” அதற்குள் ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இருங்க, நானும் வர்றேன்.”