கரைக்குக் கீழே போட்ட இலை

மலேசியாவில், டெங்கிலில் எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் உயரமான மண் கரை. அதற்கு அந்தப் பக்கம் மணல் கழுவும் கம்பெனியின் சேற்றுக் குளம். கழுவிய சேற்றை மெஷினில் பிழிந்து, தண்ணீரை எடுத்துவிட்டு, கட்டியாகத்தான் கொட்ட வேண்டும். மெஷின் கெட்டுப்போனது. கூழாகவே பம்ப் வைத்துக் குளத்தில் விட்டார்கள். சில நாளில் கரை வேர்த்துக் கசிய ஆரம்பித்தது.

கம்பெனி சூப்பர்வைசர், நம் தமிழர்தான், வந்தார்.

“ஆன்டி, கரை ஸ்ட்ராங்தான். இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு பிரிக்பீல்ட்ஸ்ல மக வீட்ல இருங்களேன்.”

“ஸ்ட்ராங்னா நான் ஏன் போகணும்?”

“சும்மா ஒரு சேஃப்டிக்கு லா.”

“வர்ற வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்காரருக்குத் திதி. மக இருக்கிறது உச்சி மாடி. அங்க போய் காக்காவுக்கு சோறு வெக்கிறதா, ஏரோப்ளேனுக்கா?”

நான் போய்விட்டால் வீடு காலியென்று இன்னும் சேற்றை விடுவார்கள். என் வீட்டுக்காரர் பலகை பலகையாக அடித்துக் கட்டிய வீடு. விடுவேனா?

திதிக்கு சூப்பர்வைசரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். படையல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதி இலையில் எழக்கூடாது; எங்கள் ஆட்கள் யாரும் எழ மாட்டார்கள். இலையைப் பின்வாசலில், கரைக்குக் கீழே போட்டேன்.

“உள்ள சாப்பிடலாமே ஆன்டி.”

“உள்ள புழுக்கம். இங்க உன் குளத்துக் காத்து ஜில்லுனு வருது பாரு.”

மனமில்லாமல் ஷூவைக் கழற்றி உட்கார்ந்தார். கரையிலிருந்து கசிந்த தண்ணீர் அவர் பாயை நோக்கிக் கோடு போட்டது. நான் நிதானமாகச் சாம்பார் ஊற்றி, வடையை வைத்தேன்.

“வடை எப்படி நிக்குது பாத்தியா? மாவுல தண்ணி கூடியிருந்தா பரவி ஓடியிருக்கும்.”

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். கரையிலிருந்து ஒரு மண்கட்டி உருண்டு விழுந்தது. எழப் பார்த்தார்.

“எங்க தம்பி போற? இன்னும் ரசம் வரல, மோர் வரல. கரைதான் ஸ்ட்ராங்காச்சே.”

மறுபடி உட்கார்ந்தார். பிறகு இடது கையால் போனை எடுத்தார்.

“பம்ப்ப நிறுத்து. மெஷின் ரெடியாகுற வரைக்கும் சேறு உள்ள போகக் கூடாது. பாஸ் கேட்டா என்கிட்ட பேசச் சொல்லு.”

பம்ப் சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் ரசம் ஊற்றினேன்.

“இப்பவாவது மக வீட்டுக்குப் போறீங்களா ஆன்டி? கரை காயணும்.”

“காயட்டும். அதுவரைக்கும் தெனம் மத்தியானம் இங்க வந்து சாப்பிடு. நீ பயந்து வராத அன்னிக்கு நான் போறேன்.”

மறுநாளும் வந்தார். இலை அதே இடத்தில்தான்.