தெரியும் என்று சொன்ன டீச்சர்

வெளிநாட்டுப் பள்ளிக்காரர்கள் வீடியோ நேர்காணலில் கேட்ட எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரி "தெரியும்" என்றாள். கணினி தெரியுமா, தெரியும். குளிர் பழக்கமா, பழக்கம். நீச்சல் தெரியுமா, ஓ, நன்றாகத் தெரியும். பக்கத்து அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கு டீச்சரிடம் நீச்சலை எதற்குக் கேட்கிறார்கள் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வேலை கிடைத்தது. நான் லேத் பட்டறையை விட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே விமானம் ஏறினேன்.

போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாரத்தில் ஒரு நாள் வகுப்பு டீச்சரும் பிள்ளைகளோடு நீச்சல் குளத்தில் இறங்க வேண்டுமாம். நல்ல வேளை, குளத்தை மராமத்துக்கு மூடி வைத்திருந்தார்கள். அவளுடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்கப் போகிற நேரம் பார்த்துக் குளத்தைத் திறந்துவிட்டார்கள், புண்ணியவான்கள். வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதே பள்ளியில் கடைசி வகுப்பில் இருக்கும் மகளின் படிப்பு பாதியில் நின்றுவிடும்.

"தலைமை டீச்சர்கிட்ட உண்மையைச் சொல்லிடு," என்றேன்.

"சும்மா இருங்க. இத்தனை நாள் கழிச்சுப் போய் பொய் சொன்னேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அப்ப மூழ்கு."

சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொதுக் குளத்துக்குக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தேன். அவளோ தண்ணீரில் நின்றுகொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள். கையை விட்டால் அலறல். விடாமல் பிடித்தால், "இப்படிப் பிடிச்சா எப்படிங்க கத்துக்கறது?" கடைசிவரை மிதக்கவே இல்லை.

பள்ளிக் குளத்தில் இறங்க வேண்டிய நாளன்று சாயங்காலம் ஈரத்தலையோடு வீடு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். ஒரு சின்னப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். "டீச்சர் நீந்திக் காட்டுவாங்க, பாரு" என்று தலைமை டீச்சர் சொல்ல, இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லோர் முன்னாலும், "எனக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு இவள் கையைப் பிடித்திருக்கிறாள். இரண்டு பேரும் ஆழமில்லாத பக்கமாக மெதுவாக இறங்கினார்களாம்.

"வேலை?" என்றேன்.

"இருக்கு. பொய் சொன்னதுக்கு நல்லாத் திட்டினாங்க. இனிமே பசங்களோட சேர்ந்து நானும் கத்துக்கணுமாம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஏன் முதல்லயே சொல்லலைன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னா வெளிய நிக்க வெச்சிடுவீங்கன்னு பயந்தேன்னு சொன்னேன். அவங்களுக்குப் புரியவே இல்லைங்க. 'அப்படியெல்லாம் யார் செய்வாங்க?'ன்னு கேட்டாங்க."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் செஞ்சிருக்கேங்க. கணக்கு தெரியாதுன்னு சொன்ன பிள்ளைங்க எத்தனை பேரை வெளிய நிக்க வெச்சிருக்கேன்," என்று சொல்லி அழுதாள்.